ஐந்து காளான்கள், ஒரு மாதம்: காட்டுக் காளான்களைப் பல பாணிகளில் வரையும் முறை

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கோடை மழை நின்று பெய்யும் பிப்ரவரி மாதத்தில் காளான்களுக்குப் பஞ்சமில்லை. டர்பன் நகரின் புல்தரைகள், சாட்ஸ்வொர்த்தின் சில்வர்கிளென் காப்பகத்துப் பாதையோரங்கள், ஹோவிக் பக்கத்துப் பைன் தோப்புகள் என்று எங்கு பார்த்தாலும் அவை முளைத்து நிற்கும். நாளுக்கு ஒரு காளான் வரையும் மாதச் சவாலை மேற்கொள்ள நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான பருவம் கிடையாது. ஆயினும் 28 நாட்களுக்கு 28 காளான்கள், 28 பாணிகள் என்று தொடங்குவோரில் பலர் இரண்டாம் வாரத்திலேயே கைப்பேசியில் அகப்பட்ட படங்களைப் பார்த்து வரையும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். சோம்பல் இதற்குக் காரணம் அன்று. காளானும் பாணியும் நாள்தோறும் ஒருசேர மாறிக்கொண்டிருந்தால், இரண்டில் எதையும் கண்ணும் கையும் பழகிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை.

ஆகவே ஐந்தே ஐந்து காளான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாட்கள் ஒதுக்கினால் 25 நாட்கள் ஆகும். எஞ்சிய மூன்று நாட்கள், விட்டுப்போன படங்களை முடிப்பதற்கு உதவும். ஐந்து நாட்களில் முதல் இரண்டையும் காளானை உள்ளது உள்ளபடி வரைவதற்கே செலவிடுங்கள். பாணியைப் பற்றிய பேச்சு மூன்றாம் நாளில்தான் தொடங்க வேண்டும். அப்போதும் பாணியை நம் விருப்பத்தால் தேர்ந்தெடுக்காமல், அந்தக் காளானின் உடலில் எது மேலோங்கி நிற்கிறதோ அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். செவுள்களால், அதாவது குடையின் அடிப்புறத்தில் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும் மடிப்புகளால், கண்ணைக் கவரும் காளானுக்குக் கோடு வேண்டும். மேற்பரப்பால் கவருவதற்கு நிறம் வேண்டும். கனத்தால் கவருவதற்கு ஒளியும் நிழலும் வேண்டும்.

எந்த ஐந்து?

இந்த மண்ணில் எளிதில் கிடைப்பவையும், ஒன்றுக்கொன்று வடிவில் நன்கு வேறுபட்டவையுமான ஐந்தைச் சொல்கிறேன். முதலாவது இகோவே. முதல் மழைகளுக்குப் பின் நெடுஞ்சாலை ஓரங்களில் சூலு மக்கள் விற்கும் பெரிய கறையான் காளான் இதுவே. நம்மவர் பல வீடுகளில் கறியாகவும் ஆகிறது. இரண்டாவது, பைன் மரங்களின் அடியில் வெள்ளைப் பொட்டுகளோடு நிற்கும் சிவப்பு நாய்க்குடை. இது இந்நாட்டுக்கு உரியதன்று. வட அரைக்கோளத்துப் பைன் மரங்களோடு அவற்றின் வேரில் ஒட்டி வாழும் துணையாக வந்து சேர்ந்தது. மூன்றாவது, மழைக்கு மறுநாள் வீட்டுப் புல்தரையிலேயே வட்டமாக முளைக்கும் பச்சைத்தூள் குடைக்காளான். நான்காவது, முற்றியதும் கருப்பு மையாகக் கரைந்து வழியும் மைக்காளான். ஐந்தாவது, பட்ட மரக்கட்டைகளில் தட்டையாகப் பதிந்து வளரும் செந்நிற மரக்காளான். இது வாரக்கணக்கில் வாடாமல் இருப்பதால், மழை பொய்க்கும் வாரத்துக்கு இதைக் கைவசம் வைத்துக்கொள்ளலாம்.

கேப் டவுனில் வாழும் வாசகர்களுக்கு இந்த நாட்காட்டி பொருந்தாது. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்வதால், மே முதல் ஜூலை வரையிலான மாதங்களில் சவாலை வைத்துக்கொள்வது நல்லது. அங்குள்ள ஓக் மரங்களின் அடியில் உயிரைக் குடிக்கும் வெளிர்பச்சை நஞ்சுக்காளானும் முளைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நஞ்சுக்காளானைத் தொட்டாலே நஞ்சு ஏறிவிடாது. ஆனாலும் வரைந்து முடித்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், தூரிகையை வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த மாதமாவது அதை விட்டுவிடுங்கள், காளான்களைச் சமையலறை மேசையில் வைக்காதீர்கள். இயற்கைக் காப்பகங்களில் எதையும் பறிக்கக் கூடாது. அங்கே தரையில் அமர்ந்து வரைவதே முறை. சருகுக் குவியலுக்குள் கையை விடுமுன் குச்சியால் விலக்கிப் பாருங்கள். பஃப் ஆடர் விரியன் விலகிப் போகாமல் படுத்தே கிடக்கும் இயல்புடையது.

உள்ளது உள்ளபடி

முதல் நாளில் பென்சிலும் தாளும் போதும். காளானைப் பறிப்பதானால் காம்பைப் பிடித்து இழுக்காமல், சிறு கரண்டியால் மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். காளானின் அடையாளம் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. சிவப்பு நாய்க்குடையின் அடி ஒரு கிழங்கைப் போல் பருத்து, அதன்மேல் செதில்கள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். இகோவேயின் காம்போ வேரைப் போல் ஒடுங்கிக்கொண்டே கீழே உள்ள கறையான் புற்றுவரை செல்லும். கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சணத்திலிருந்தே அது மேலெழுந்து வருகிறது. தரையோடு வெட்டி எடுத்துவந்து வரைபவர், இகோவேயின் கதையில் பாதியைத் தரையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

வரையத் தொடங்கும்போது முதலில் ஓர் அச்சுக்கோட்டை மெல்லிதாக இழுத்துக்கொள்ளுங்கள். காம்பு சாய்ந்திருந்தால் அச்சும் சாய வேண்டும். அந்த அச்சுக்குச் செங்குத்தாகக் குடையின் விளிம்பை ஒரு நீள்வட்டமாகப் போடுங்கள். கண் மட்டத்துக்கு அருகே வரும்போது அந்த நீள்வட்டம் ஒடுங்கிக் கோடாகும். காளான் கண்ணுக்கு மேலே இருந்தால் அகன்று, செவுள்கள் தெரியும். கீழே இருந்தால் செவுள் மறைந்து குடையின் மேற்புறம் மட்டுமே தெரியும். குடையின் மேற்புறத்தையும் செவுள்களையும் ஒருசேர முழுமையாகக் காட்டும் படங்கள் ஏராளமாக உலவுகின்றன. அவை காளானைப் பார்த்து வரைந்தவை அல்ல என்பதை அந்த ஒரு பிழையே காட்டிக்கொடுத்துவிடும்.

செவுள்களில்தான் பொறுமை வேண்டும். அவை எல்லாம் காம்பை நோக்கியே ஓடுகின்றன. ஆனால் எல்லாம் காம்பை எட்டுவதில்லை. இரண்டு நீண்ட செவுள்களுக்கு நடுவே, விளிம்பில் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடும் குட்டைச் செவுள் இருக்கும்; அதற்கும் நீண்டதற்கும் நடுவே இன்னும் குட்டையானதும் இருக்கும். குடை விரிய விரிய இடைவெளி கூடுவதால் அதை நிரப்பக் காளான் செய்துகொண்ட ஏற்பாடு இது. எல்லாக் கோடுகளையும் காம்புவரை இழுத்தால் நடுப்பகுதி கருத்துக் குழம்பிவிடும்; குட்டைச் செவுள்களை மதித்து வரைந்தால் அந்தக் குழப்பம் தானே தீரும். செவுள் காம்பைத் தொடும் இடத்தையும் உற்றுப் பாருங்கள். சிவப்பு நாய்க்குடையில் அது காம்பைத் தொடாமல் விலகி நிற்கும். பைன் தோப்புகளிலேயே கிடைக்கும் ஆரஞ்சு நிறப் பால்காளானில் காம்பின்மேல் சற்றே வழிந்து இறங்கும். காம்பைச் சுற்றியிருக்கும் வளையம், அதன் அடியைச் சூழ்ந்திருக்கும் கிண்ணம் ஆகியவை இளம் காளானைப் போர்த்தியிருந்த உறைகளின் எச்சங்கள் என்பதை மனத்தில் வைத்து வரைந்தால், அவற்றின் கிழிந்த ஓரங்கள் இயல்பாக அமையும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். ஓவிய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, நாளெல்லாம் மாறாத ஒளிக்கு வடக்குச் சாளரத்தருகே அமரச் சொல்கின்றன. அவை வட அரைக்கோளத்தாருக்காக எழுதப்பட்டவை. டர்பனில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வருவதால் நமக்கு வேண்டியது தெற்குச் சாளரம்.

இரண்டாம் நாளில் வித்துத்தூள் அச்சு எடுங்கள். காம்பை நறுக்கிவிட்டுக் குடையை, பாதி கருப்பும் பாதி வெள்ளையுமான தாளின்மேல் செவுள் கீழே இருக்குமாறு கவிழ்த்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி இரவு முழுவதும் விட்டுவிட்டால், காலையில் செவுள்களின் அமைப்பு தூளாகவே பதிந்திருக்கும். சிவப்பு நாய்க்குடை வெள்ளையாகவும், இகோவே இளஞ்சிவப்பாகவும் தூள் உதிர்க்கும். புல்தரைக் குடைக்காளானின் அச்சு மங்கிய பச்சையாக இருக்கும். உண்டவர்களுக்குக் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் அந்தக் காளானைக் கண்டுகொள்ள இதுவே நம்பகமான குறி. அச்சின்மேல் ஓவியர்கள் கரித்தூளுக்குப் பயன்படுத்தும் ஒட்டுத் தெளிப்பானைச் சற்றுத் தொலைவிலிருந்து தெளித்தால் அது கலையாமல் நிற்கும். நுண்ணிய அந்தத் தூளின் அமைப்பைப் பார்த்துச் செவுள்களை எண்ணி வரைவது, வாடிப்போகும் காளானைப் பார்த்து வரைவதைவிட எளிது.

இகோவே: அறிவியல் தாளும் புள்ளியிடலும்

குடை 25 செ.மீ. அகலம்வரை விரியக்கூடிய இந்தக் காளானுக்கு முதலில் தாவரவியல் தாளின் பாணியைப் பரிந்துரைக்கிறேன். அந்தப் பாணியில் ஒரே தாளில் மொட்டும், விரிந்த காளானும், நெடுக்காகப் பிளந்த வெட்டுத்தோற்றமும் இடம்பெறும். ஓரத்தில் அளவுகோலும் வித்துத்தூளின் நிறமும் குறிக்கப்படும். பின்னணி வெறுமையாக விடப்படும். ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருவதாகக் கொள்வது மரபு. இங்கிலாந்தின் பியாட்ரிக்ஸ் பாட்டர், குழந்தைகளுக்கான கதைகளால் புகழ்பெறுவதற்கு முன்பே இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான காளான் ஓவியங்களை நீர்வண்ணத்தில் தீட்டியிருந்தார். அவற்றில் பெரும் தொகுப்பு இன்றும் ஆம்பிள்சைடில் உள்ள ஆர்மிட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளில் மஞ்சள் ஓக்கரை மிகவும் நீர்க்கவிட்டு முதல் பூச்சைக் கொடுங்கள். அது காய்ந்தபின் குடையின் நடு முகட்டில் மட்டும் பழுப்பைச் சேர்த்து, ஈரத் தூரிகையால் அதன் ஓரத்தைக் கரைத்துவிடுங்கள். விளிம்பில் விழும் வெடிப்புகளை இறுதியில் கூர்முனைத் தூரிகையால் போடலாம். கருப்பைத் தொடவே வேண்டாம். நீலத்தோடு எரிந்த சியன்னாவைக் கலந்தால் கிடைக்கும் சாம்பல் நிறம் காளானின் நிழலுக்கு மிகவும் பொருந்தும்.

மறுநாள் அதே காளானை 0.1 மி.மீ. பேனாவால் புள்ளியிட்டு வரையுங்கள். நிழல் அடர்ந்த இடத்தில் புள்ளிகள் நெருங்க வேண்டும். வெளிச்சத்தில் விலக வேண்டும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பேனாவைச் செங்குத்தாகப் பிடிக்காவிட்டால் புள்ளிகள் வாலோடு விழும். உள்ளங்கை அளவு படத்துக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும் என்பதால், வேலைநாளில் இதைத் தொடங்காமல் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு நாய்க்குடை: நீர்வண்ணம், பிறகு சுவர்

வெள்ளைப் பொட்டுகளை வெள்ளை வண்ணத்தால் பிறகு வைப்பது எளிய வழிதான். ஆனால் அவை சிவப்பின்மேல் ஒட்டவைத்தவைபோல் தெரியும். மறைப்புத் திரவத்தால் பொட்டுகளை முதலிலேயே மூடிவிடுங்கள். தூரிகையை முன்னதாகச் சோப்பில் தோய்த்துக்கொண்டால் திரவம் மயிரில் பிடிக்காது. திரவம் கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகுக் கிரேயானும் போதும். காய்ந்தபின் குடை முழுவதும் மஞ்சளைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே நடுவிலிருந்து சிவப்பை விடுங்கள். விளிம்பில் ஆரஞ்சு நிறம் தானாக அமையும். மழையில் நனைந்த குடை இப்படித்தான் வெளுத்துக் காணப்படும். மறைப்பை உரித்தெடுத்த பின் ஒவ்வொரு பொட்டுக்கும் கீழ்ப்பக்கத்தில் மெல்லிய சாம்பல் நிழல் ஒன்றை வைத்தால், அவை தோலிலிருந்து எழும்பி நிற்கும். பொட்டுகள் விளிம்பை நெருங்கும்போது சிறுத்து, நீள்வட்டமாக ஒடுங்கவும் வேண்டும்.

இதே காளானை இந்நாட்டின் ந்டெபெலெ இனப் பெண்களின் சுவரோவிய முறையில் வரைந்து பார்ப்பது, எல்லாப் பயிற்சிகளிலும் நான் மிகவும் மதிப்பது. நிழல் கிடையாது, ஆழம் கிடையாது. தட்டையான வண்ணங்களும் அவற்றைப் பிரிக்கும் தடித்த கருங்கோடுகளும் மட்டுமே உண்டு. 1935இல் பிறந்த எஸ்தர் மஹ்லாங்கு இந்தக் கலையை உலகறியச் செய்தவர். 1991இல் ஒரு பி.எம்.டபிள்யூ. கார் முழுவதையும் இந்த வடிவங்களால் தீட்டினார். அளவுகோல் இல்லாமல், கோழி இறகால் நேர்கோடு இழுப்பது அவர் வழக்கம். குடையை அரைவட்டமாகவோ படிக்கட்டு முக்கோணமாகவோ மாற்றி, பொட்டுகளைச் சாய்சதுரங்களாக்கி, நடு அச்சின் இருபுறமும் சமச்சீராக அமையுங்கள். அளவுகோலைத் தொடாதீர்கள், கையின் சிறு நடுக்கம்தான் அந்தச் சுவர்களுக்கு உயிர் தருகிறது. படத்தை வெளியிடும்போது யாருடைய மரபிலிருந்து எடுத்தது என்பதைக் குறிப்பிடுவது, கடன் வாங்கியவர் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

மைக்காளான்: அதன் மையாலேயே

நீண்ட முட்டை வடிவில் வெண்செதில்களோடு முளைக்கும் மைக்காளான், முற்றும்போது விளிம்பிலிருந்து தொடங்கித் தன்னைத்தானே கரைத்துக் கருந்திரவமாகச் சொட்டும். முதிர்ந்த குடைகள் நான்கைந்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூடாமல் மெல்லிய துணி கட்டி வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் வைத்தால் நாற்றத்தைப் பொறுக்க முடியாது. ஓரிரு நாட்களில் கரைந்த மையைத் துணியில் வடிகட்டி, சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் இரண்டு கிராம்புகளோடு கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். கிராம்பு பூசணம் பிடிக்காமல் காக்கும். சில துளி அராபிக் கோந்து சேர்த்தால் மை தாளில் நன்றாகப் பிடிக்கும். கடையில் வாங்கும் மையின் கருமை இதற்கு வராது. பழுப்பு கலந்த மங்கல் கருமைதான் வரும்.

இந்த மைக்குச் சீன, ஜப்பானிய மையோவியப் பாணியே பொருத்தம். உருண்டைத் தூரிகை முழுவதையும் நீர்த்த மையில் நனைத்து, நுனியை மட்டும் அடர்ந்த மையில் தொட்டு, தூரிகையைப் படுக்கவைத்து ஒரே இழுப்பில் குடையைப் போடுங்கள். அடர்த்தி ஒருபுறமிருந்து மறுபுறம் தானாக மங்கிச் செல்லும். காம்புக்கு ஓர் இழுப்பு, சொட்டும் விளிம்புக்கு நான்கைந்து தொடுகைகள். திருத்தக் கூடாது. சரியாக வராவிட்டால் தாளை மாற்ற வேண்டுமே தவிர, அதே இழுப்பின்மேல் மறுபடி தூரிகை வைக்கக் கூடாது. விலை குறைந்த தாளை நிறைய வைத்துக்கொண்டு அமருங்கள்.

மரக்காளான்: லினோ அச்சு

காம்பில்லாமல் விசிறியாகப் பரவும் மரக்காளானில் வளர்ச்சி வளையங்களும் மரப்பட்டையின் பிளவுகளும்தான் காட்சி. கருப்பு வெள்ளை அச்சுக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. இந்த மாகாணத்தின் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் கலைமையத்தில் 1960களில் தழைத்த, லினோ என்னும் மென்மையான தகட்டைச் செதுக்கி அச்செடுக்கும் கலையைப் பாருங்கள். அசாரியா ம்பாத்தா, ஜான் முஆஃபாங்கெஜோ ஆகியோரின் அச்சுகளில் கருமையே பரப்பாக நிற்க, வெள்ளை அதில் வெட்டப்பட்ட வெளிச்சமாக வரும். அந்தக் கண்ணோடு, கருமையிலிருந்து தொடங்குங்கள். லினோவைச் சற்று வெயிலில் வைத்து இளக்கிக்கொண்டு, ‘வி’ வடிவ உளியால் வளையங்களை வெட்டுங்கள். லினோவைப் பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். உருளையால் மை பூசி, தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தால் அழுத்து இயந்திரம் இல்லாமலேயே அச்சு விழும். படம் இடவலம் மாறி விழுமாதலால், கையெழுத்தையும் தேதியையும் லினோவில் வெட்டாமல் அச்சின்மேல் பென்சிலால் எழுதுங்கள். நேரமில்லாதவர்கள் இந்நாட்டின் அச்சுத் துணியான ஷ்வெஷ்வேயின் வழியைப் பின்பற்றலாம்: ஒரே சிறு வடிவத்தை நீலத்தின்மேல் வெள்ளையாக, வரிசை மாறாமல், தாள் நிறையத் திரும்பத் திரும்ப இடுவது.

புல்தரைக் குடைக்காளான்: கோலம்

இந்தக் காளானைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அதன் செவுள்களைக் கீழிருந்து பார்த்தால், நடுவிலிருந்து சுற்றிலும் பிரியும் ஆரங்களும் அவற்றுக்கிடையே வரும் குட்டை ஆரங்களும் தெரியும். பொங்கலன்று வாசலில் கோலமிட்டுப் பழகிய கைக்கு இந்த அமைப்பு நன்றாகத் தெரிந்ததே. இதயக் கமலக் கோலத்தில் நடுப்புள்ளியைச் சுற்றி எட்டுத் திசையிலும் வரிசைக்கு ஐந்து புள்ளிகள் வைப்பதுபோல, இங்கும் காம்பின் இடத்தில் ஒரு சிறு வட்டத்தைப் போட்டு, எட்டு ஆரங்களில் புள்ளி வையுங்கள். அடுத்து அவற்றின் இடையே எட்டு ஆரங்களில், வெளிப்பக்க மூன்று புள்ளிகள் மட்டும். அதற்கும் இடையே பதினாறு ஆரங்களில், விளிம்பில் ஒரே புள்ளி. செவுள்களின் நீளக் கணக்கு அப்படியே புள்ளிக் கணக்காகிவிடும்.

புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் நட்சத்திரக் கோலம் வரும். புள்ளியைச் சுற்றி வளைத்துச் சென்றால் சிக்குக் கோலம் ஆகும். எனக்குப் பின்னதே பிடிக்கும். விளிம்பு வளைவுகள், விரிந்த குடையின் அலைபோன்ற ஓரத்தை எளிதாகக் கொண்டுவந்துவிடுகின்றன. ஆனால் ஒரே இழையில் முடிக்க முயல்பவர்கள் முதலில் சதுரக் கோட்டுத் தாளில் பார்த்துக்கொள்வது நல்லது. புள்ளிகள் விளிம்பை நோக்கிக் கூடிக்கொண்டே போகும் அமைப்பில் இழை எளிதில் அடைபட்டுப் போகும். கோலமாவால் தரையில் இட்டால் நடுவிலிருந்து வெளிநோக்கி இட வேண்டும். இல்லையேல் கால்பட்டுக் கலையும். வித்துத்தூளின் மங்கிய பச்சை நிறத்தையே மாவில் கலந்துகொண்டால் கோலம் எந்தக் காளானுடையது என்பது நிறத்திலேயே தெரியும்.

படங்களை வெளியிடும்போது

தாளைச் சுவரில் பொருத்தி, வெயில் நேரே படாத நிழலில், நேர் எதிரே நின்று கைப்பேசியால் படமெடுங்கள். மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் இகோவேயின் வெளிர்நிறம் கெட்டுவிடும். தாளின் பின்புறம் தேதி, எந்த மரத்தடி அல்லது எந்த வகைப் புல்தரை, வித்துத்தூளின் நிறம், பறிக்கும்போது இருந்த மணம் ஆகியவற்றை எழுதுங்கள். இனத்தை உறுதியாக அறியாவிட்டால் பெயரிடாமல், “பைன் மரத்தடிக் காளான்” என்று எழுதினால் போதும். படத்தைப் பார்த்து யாராவது “இதைச் சமைக்கலாமா?” என்று கேட்டால், ஓவியத்தைக் கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாது என்று மட்டும் எழுதுங்கள், நீங்கள் சமைத்து உண்டு பழகிய இகோவேயாகவே இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.